ஏறின கியரிலேயே

எங்கள் பக்கத்தில் ஒருவன் வண்டி வாங்கப் போகிறான் என்றால், எத்தனை சீசீ, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றெல்லாம் யாரும் முதலில் கேட்பதில்லை. "எந்த ரோட்டுக்கு?" என்றுதான் கேட்பார்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகிற மெயின் ரோட்டில் எதுவும் ஓடும். தோட்டத்து ரோடு பிரிகிற இடத்தில்தான் கேள்வி தொடங்குகிறது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை வரைக்குமா, கீழ்க்கணக்கு லயம் வரைக்குமா, மேல்கணக்குக் கோயிலைத் தாண்டியுமா? முடக்குக்கு ஒரு வண்டி கழிந்துகொண்டே வரும். கார் ஸ்டோரோடு நின்றுவிடும். வேன் கீழ்க்கணக்கோடு. கோயில் வரைக்கும் த்ரீவீலரும் ட்ரக்டரும் போகும். அதற்கு மேலே கவ்வாத்துக் கத்தியோடு போகிற ஆண்களும், கொழுந்து எடுக்கப் போகிற பெண்களும், மழைத் தண்ணீரும்தான்.

என் அக்கா மகன் கட்டாரிலிருந்து திரும்பி வந்து, "மாமா, ஏ.டி.வி. ஒண்ணு எடுக்கப் போறேன்" என்றபோது நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்.

"ரோடு இல்லாத எடத்துக்குத்தானே மாமா அது" என்றான்.

அவன் அங்கே வேலை பார்த்தது, தோஹாவுக்குத் தெற்கே மணல்மேடுகளில் உல்லாசப் பயணிகளுக்கு இந்த நாலு சில்லு மோட்டார் சைக்கிள்களை வாடகைக்கு விடுகிற ஓர் இடத்தில். கழுவுவது, பெற்றோல் அடிப்பது, மணலில் புதைந்து நிற்கிற ஆளை இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் அவன் வேலை. இங்கே அவனுக்கு ஒரு திட்டம் இருந்தது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளையெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை இப்போது பேர் வாங்கியிருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். பொகவந்தலாவைப் பக்கமும் வருகிறது. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் லயத்துக்கு முன்னால் "ஹலோ" சொல்லிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாதவர்களும், நடக்க மனமில்லாதவர்களும் அவர்களுக்குப் பின்னாலேயே வருவார்கள் என்பது மருமகனின் கணக்கு. அவர்களைத் தோட்டத்து ரோடு வழியாக மேலே கூட்டிப்போய், மலை உச்சியைக் காட்டி, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக் கூட்டிவருவது.

கணக்கு தப்பில்லை. ஆனால் அவன் படித்தது மணலில். மணலில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி தானாக நின்றுவிடும், மணலே பிடித்துக்கொள்ளும். அதனால் அவனுடைய பேச்செல்லாம் ஏறுவதைப் பற்றியே இருந்தது. எத்தனை குதிரை வலு, எவ்வளவு சரிவு ஏறும், எவ்வளவு சேறு தாண்டும். நான் வளர்ந்தது கொழுந்து லொறி டிரைவரின் வீட்டில். எங்கள் வீட்டில் ஏறுவதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை.

இந்த ரோடுகள் யாருக்காக வெட்டப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை போட்டபோது மலைநாடு கோப்பிக் காடாக இருந்தது. 1869இல் இலையில் துரு விழுந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பி செத்து, தேயிலை மேலே ஏறியது. ரயில் ஹட்டனுக்கு 1884இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885இல். தோட்டத்து ரோடுகள் ரயிலைப் பார்த்தும் ஸ்டோரைப் பார்த்தும் வெட்டப்பட்டன. அந்தக் காலத்து ஸ்டோர்கள் தண்ணீர் விசையில் ஓடியதால் பெரும்பாலும் ஓடையோரத்தில், பள்ளத்தில் இருந்தன. கொழுந்து மேலே இருந்தது. ஆக, பாரம் எப்போதும் இறங்கித்தான் வந்தது. எங்கள் பாட்டன்மார் அலவாங்காலும் மண்வெட்டியாலும் வெட்டிய இந்த முடக்கு ரோடுகள், பாரத்தோடு இறங்குவதற்கென்று போட்ட ரோடுகள்.

அப்பா விடிந்ததும் உரமூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போவார். மடுவத்து மடுவமாக நிறுத்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு கீழே வருவார். ஈரக் கொழுந்து கனம். மழைநாளில் சாக்கெல்லாம் தண்ணீர் குடித்து இன்னும் கனக்கும். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த மழை ரோட்டில் என்ன செய்யும் என்பது லொறி கிளீனருக்குத்தான் தெரியும். ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு பின்சில்லோடு ஓடுவான். லொறி வழுக்கிப் பின்னால் வந்தால் கட்டையை உதைத்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் காலும் போகும், லொறியும் போகும்.

அப்பாவிடம் ஒரே பாடம்தான் இருந்தது. "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கு." இரண்டாம் கியரில் ஏறின முடக்கை இரண்டாம் கியரில்தான் இறங்குவார், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும், கால் பிரேக்கில் படாது. புதிதாக வந்த டிரைவர்கள் சிலர் எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். அப்படி ஒரு லொறி வந்தால் லயத்து வாசலில் நிற்கிற எங்களுக்கு மூக்காலேயே தெரியும். பிரேக் லைனர் கருகுகிற வாடை லொறிக்கு முன்னால் வந்து சேரும்.

பெரிய துரையிடம் லேண்ட் ரோவர் இருந்தது. துரைமார் குதிரையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும், மோட்டார் சைக்கிளிலிருந்து லேண்ட் ரோவருக்கும் ஏறியவர்கள். சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள், அது பதவி சம்பந்தப்பட்ட விஷயம். அந்த லேண்ட் ரோவரை இன்றைக்கும் கண்ணை மூடினால் வரைந்துவிடுவேன். கியர் கம்புக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று, சிவப்புக் குமிழ் ஒன்று. மஞ்சளை அமுக்கினால் நாலு சில்லும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் எல்லா கியரும் ஒரு படி தாழ்ந்துவிடும். துரை பங்களாவில் தூங்குகிற மத்தியானத்தில் அவருடைய டிரைவர் என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, சிவப்பை இழுத்து, முதல் கியரைப் போட்டு, இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டு, மேல்கணக்குக் கோயில் இறக்கத்தில் விட்டார். வண்டி ஆட்கள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக, ஒரு பிரேக்கும் இல்லாமல், தானாக இறங்கியது. அதைவிடப் பெரிய அதிசயத்தை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. ரயில்கூட விசில் ஊதிக்கொண்டு, பிரேக் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இறங்கும்.

அந்த வண்டியில் நாங்கள் ஏறுவது நோய் வந்தால் மட்டும். அதுவும் துரைக்கு மனமிருந்து, வண்டி சும்மா நின்றால். இல்லாவிட்டால் கம்பளியில் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, நாலு பேர் மாற்றி மாற்றித் தோளில் தூக்கிப் போவார்கள். எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்கிற உரிமை லயத்துக்கு வந்தது த்ரீவீலர் காலத்தில்தான். ஈ.பி.எஃப். காசு கைக்கு வந்தவுடன் மகனுக்கு ஒரு த்ரீவீலர் எடுத்துக் கொடுப்பது மலைநாட்டுக் குடும்பங்களில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மிச்சக் காசு லீசிங். என் அத்தானும், அதாவது மருமகனின் அப்பாவும், தோட்டத்து வேலையை விட்டபோது அப்படித்தான் செய்தார்.

வெளியூர்க்காரர்கள் த்ரீவீலரைப் பார்த்துச் சிரிக்கலாம். அதன் எஞ்சின் பின்னால் இருக்கிறது, இழுக்கிற சில்லும் பின்னால். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்சில்லில் உட்கார்ந்து பிடி கொடுக்கும். முன்சில்லு தூக்கப் பார்த்தால் பின்னால் இருக்கிறவர் ஒருவரை இறக்கி, முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்காரவைப்பார்கள். பொலிஸ் இல்லாத ரோட்டில் அது குற்றமில்லை. எங்கள் மேல்கணக்கில் பிரசவ வலி எடுத்த எத்தனையோ பெண்கள் அந்த மூன்று சில்லில்தான் நடுராத்திரியில் டிக்கோயாவுக்குப் போனார்கள். 2017இல் இந்தியாவின் உதவியோடு 150 கட்டில் கொண்ட புது ஆஸ்பத்திரிக் கட்டடம் அங்கே திறந்தபோது நரேந்திர மோடியே வந்தார், நோர்வூட்டில் கூட்டம் பேசினார். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிற காலமும் அப்புறம் வந்தது. ஆனால் அம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்கும் லயத்துக்கும் நடுவில் அந்த ரோடு இருக்கிறது. அந்தத் துண்டுக்கு இன்றைக்கும் த்ரீவீலர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1970இல் ஹொண்டா கம்பனி அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட முதல் ஏ.டி.வி.க்கு மூன்று சில்லுதான். பலூன் மாதிரி டயர், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. 1980களில் அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988இல் கம்பனிகள் அமெரிக்க அரசோடு ஓர் உடன்பாடு செய்து மூன்று சில்லு வண்டி விற்பதையே நிறுத்தின. அதற்குள் நாலு சில்லு வண்டி வந்துவிட்டிருந்தது. விளையாடப் போகிறவர்களுக்கு ஆபத்து என்று அவர்கள் கைவிட்ட சில்லுக் கணக்கில்தான் இங்கே ஒரு சமூகமே ஆஸ்பத்திரிக்கும் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறது. அத்தானின் வண்டியும் கவிழ்ந்திருக்கிறது, இறக்கத்தில், வெறும் வண்டியாக, ஒரு முடக்கில். அவருக்குத் தோள்பட்டை இறங்கியதோடு போயிற்று. ஏற்றத்தில் கவிழ்ந்த கதை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே மருமகன் வண்டி பார்க்கக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் பாஸையும் கூட்டிக்கொண்டோம். சிங்களவர், ஆனால் தமிழில் திட்டினால் நம் ஆட்களே வெட்கப்படுவார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அவரிடம் வேலை பழகியதால் என்னைச் "சேர்" என்பார். அது வாகன இறக்குமதித் தடை நீங்காத காலம். 2020 மார்ச்சில் மூடிய கதவு 2025 வரைக்கும் தனியார் வாகனங்களுக்குத் திறக்கவில்லை. அதனால் நாட்டில் இருந்த ஒவ்வொரு பழைய இரும்பும் தங்கம் விலை போனது.

டிக்கோயாவில் ஒரு லேண்ட் ரோவர் விற்பனைக்கு இருந்தது. பழைய சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பர். அந்த ஒற்றை எழுத்துக்காக 1958இல் நாடு எப்படிக் கொதித்தது என்று இப்போது அந்தத் தகட்டைப் பார்க்கிற பொடியன்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு அது பழம்பொருளின் அழகு. எனக்கு வண்டியைக் கண்டதும் கை நடுங்கியது என்றே சொல்லலாம். அதே மஞ்சள் குமிழ், அதே சிவப்பு. பாஸ் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"மேல பாக்காதீங்க சேர். மேல எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

லேண்ட் ரோவரை 1948இல் அம்ஸ்டர்டாமில் முதலில் காட்டியபோது, யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். உடம்பு துருப்பிடிக்காது. கீழே இருக்கிற சட்டம் இரும்பு. ஹட்டன் மழையில் அது உள்ளிருந்து அரித்துக்கொண்டே போகும், வெளியே பெயின்ட் பளபளக்கும். பாஸ் மல்லாந்து படுத்து ஒரு ஸ்குரூ டிரைவரைப் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தில் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. விற்க வந்தவர் வெற்றிலை துப்புவதற்காக அந்தப் பக்கம் போய்விட்டார்.

சட்டத்தை ஒட்டவைக்கலாம். ஹட்டனில் அதைச் செய்ய ஆளுண்டு. மருமகன் யோசித்தது பெற்றோலை. 2022இல் கியூ.ஆர். கோட்டில் த்ரீவீலருக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் அவன் அப்பா ஹயரை விட்டுவிட்டு வரிசையில் தூங்கியவர். அந்த வருஷத்தைப் பார்த்த குடும்பத்தில் லேண்ட் ரோவர் மாதிரிக் குடிகாரனைச் சேர்க்க மாட்டார்கள். எனக்கு ஆசைதான். காசு அவனுடையது.

ஜிம்னி ஒன்றும் பார்த்தோம். குட்டி வண்டி, நாலு சில்லும் இழுக்கும், தாழ்ந்த கியர் உண்டு, ஒடுக்கமான தோட்டத்து ரோட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. அதன் விலையைக் கேட்டதும் பிளேன்டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். மலை மோட்டார் சைக்கிள் பேச்சையும் மருமகன் எடுத்தான். உள்ளூர்ப் பொடியன்களுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது, ஒற்றையடிப் பாதையிலும் போகும், விழுந்தாலும் ஒரு ஆள் தூக்கி நிறுத்தலாம். ஆனால் வாழ்க்கையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாத ஜெர்மன்காரரை ஈரக் களிமண்ணில் அதன்மேல் ஏற்றிவிட முடியாது.

முதல் ஏ.டி.வி.யைக் கித்துல்கலைப் பக்கம் பார்த்தோம். பாதிப் புதுசு, சிவப்பு நிறம், ஆட்டோமேட்டிக். விற்கிறவர் ஒரு செம்மண் ஏற்றத்தைக் காட்டினார். மருமகன் ஏறி உட்கார்ந்து கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை அமுக்கினான். பாம்பு மரத்தில் ஏறின மாதிரிப் போய்விட்டது. சுற்றி நின்ற பொடியன்கள் கைதட்டினார்கள்.

ஏறுவதற்குக் கைதட்டுவது நம் மலைநாட்டில் பழைய பழக்கம். நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட தோட்டத்து ரோட்டில் 1934இலிருந்து மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் நடக்கிறது. ஏப்ரல் சீசனில் சனம் தேயிலைக்குள் நின்று பார்க்கும். கீழேயிருந்து மேலே போய்ச் சேர்ந்த நேரத்தைத்தான் மணிக்கூடு பிடித்து எழுதுவார்கள். போன வண்டிகள் எப்படி இறங்கி வந்தன என்று யாரும் எழுதுவதில்லை.

"இப்ப எறங்கச் சொல்லுங்க" என்றார் பாஸ். "பிரேக் புடிக்காம."

மருமகன் உச்சியில் திரும்பி, ஆக்சிலரேட்டரை விட்டான். கொஞ்ச தூரம் வண்டி தயங்கியது. அப்புறம் எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, சில்லுகள் விடுபட்ட மாதிரி வேகம் எடுத்தது. அவன் முன் பிரேக்கைப் பிடித்தான், முன்சில்லு பூட்டிக்கொண்டு களிமண்ணில் வழுக்கியது, வண்டி பக்கவாட்டில் திரும்பியது. மணலில் பழகின பையன், காலை ஊன்றாமல் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்ததால் கவிழவில்லை. கீழே வந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது.

பாஸ் அதற்குக் காரணம் சொன்னார். இந்த வகை வண்டியில் கியருக்குப் பதிலாக ஒரு பெல்ட்டும் இரண்டு கப்பியும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் கிளச் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் தணிந்தால் கிளச்சும் விட்டுவிடும், வண்டிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் அறுந்துபோகும். அப்பா பாஷையில் சொன்னால், இறக்கம் வந்தவுடன் தானாக நியூட்ரலுக்குப் போகிற வண்டி. விலை கூடின ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எஞ்சினே பிடித்து வைக்க வேறு ஏற்பாடு உண்டு. இதில் இல்லை. போதாததற்கு ஓடைத் தண்ணீர் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். எங்கள் தோட்டத்தில் எந்த முடக்கில் தண்ணீர் ஓடவில்லை?

வேறு வண்டி பார்ப்போம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே தலைக்கவசத்தைக் கழற்றி விற்கிறவரிடம் கொடுத்தான்.

கடைசியில் கந்தப்பளைக்குப் போனோம். கரட்டும் லீக்ஸும் போடுகிற ஒரு முதலாளி, சரிவுத் தோட்டத்தில் உரமும் மூட்டையும் சுமக்க வைத்திருந்த ஏ.டி.வி. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது, முன்னாலும் பின்னாலும் இரும்புத் தட்டு, சீட்டில் உரப்பை தைத்திருந்தது. ஆனால் காலால் மாற்றுகிற ஐந்து கியர். கையில் கிளச் கிடையாது. ஹொண்டா சீ90 ஓட்டின எவனுக்கும் உடனே கைவரும். தேவைப்படும்போது நாலு சில்லையும் இழுக்கவைக்கிற ஒரு கம்பு. பின்னால் போகவும் கியர் உண்டு, ஒடுங்கின முடக்கில் திரும்ப அது இல்லாமல் முடியாது.

பாஸ் முதலில் உட்கார்ந்து பார்த்தது சில்லுக்குப் பக்கத்தில். முன்சில்லு இரண்டையும் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று. அச்சு மூட்டில் இருக்கிற ரப்பர் உறை ஒன்று கிழிந்திருந்தது. "கிரீஸ் போய் மண்ணு உள்ள போயிருக்கும். ஆயிரக்கணக்குல கொறைக்கலாம்" என்று தமிழில், முதலாளிக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். இழுவைக் கொக்கி பற்றவைத்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். டயரில் காற்று எவ்வளவு என்று அளந்தார். இந்தப் பெரிய டயர்களுக்கு ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ.தான் வேண்டும். த்ரீவீலருக்கு அடிக்கிற மாதிரி இறுக்கி அடித்தால் கல்லுக்குக் கல் துள்ளும். முதலாளி வீட்டுப் பையன் இறுக்கித்தான் அடித்திருந்தான்.

அப்புறம் இறக்கம். கரட் பாத்திகளுக்கு நடுவில் மூட்டை இறக்குகிற செங்குத்துப் பாதை. மருமகன் முதல் கியரில் ஏறினான், உச்சியில் திரும்பினான், இரண்டு கையையும் பிரேக்கிலிருந்து விலக்கி விரலை விரித்துக் காட்டினான். முதல் கியரிலேயே வண்டி முக்கிக்கொண்டு, முனகிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் கீழே வந்தது. பாஸ் என்னைப் பார்த்தார். நான் முதலாளியிடம் விலை பேசப் போனேன்.

நம்பர் இல்லாத வண்டி, மெயின் ரோட்டில் ஓட்டிவர முடியாது. சின்ன லொறி ஒன்றில் கட்டி ஏற்றிக்கொண்டு நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை வழியாக வந்தோம். நானுஓயாவைத் தாண்டும்போது லொறி டிரைவர் ரதல்ல குறுக்கு ரோடு பிரிகிற பக்கம் கையைக் காட்டினார். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில்தான் கொழும்பிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் ஒன்று, வேன் மேலும் த்ரீவீலர் மேலும் மோதியது. ஏழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். டிரைவர் ஒன்றும் விளக்கவில்லை, கியரை ஒரு படி இறக்கினார்.

வண்டி தேர்ந்தது பாதிக் கதை. தோட்டத்து ரோடு கம்பனியினுடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்த பிறகு துரைமாரெல்லாம் மெனேஜர்கள் ஆனார்கள். ஆனாலும் லயத்தில் எங்கள் மெனேஜர் இன்னும் தொரைதான். மருமகனையும் கூட்டிக்கொண்டு நான் அவரிடம் பேசப் போனேன். பங்களாவில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தது காலம் மாறியதற்கு ஓர் அடையாளம். மற்றபடி அவர் கறாராகவே பேசினார். கொழுந்து எடுக்கிற மலைக்குள் அன்றைக்கு வண்டி போகக் கூடாது. பெண்கள் சுமையோடு வருகிற நேரத்தில் ரோட்டில் நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டும். காட்டு எல்லைக்கு மேலே போகக் கூடாது. கானுக்குள் ஒரு சில்லு இறங்கினாலும் அனுமதி ரத்து. இந்தக் கடைசிப் பேச்சில் அவரோடு எனக்கு ஒரு சொட்டும் சண்டையில்லை. மலையின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது தேயிலை வேரும், சரிவுக்குக் குறுக்கே வெட்டின கானும்தான். கான் கரை ஒரு இடத்தில் உடைந்தால் அடுத்த மழைக்கு மண் லயத்துக் கூரை வரைக்கும் வரும். அப்படி வந்து மூடின லயங்கள் எங்கள் மலைகளில் கொஞ்சமல்ல.

டயர் விஷயத்தில்தான் இழுபறி. மருமகன் கட்டாரிலிருந்தே கனவு கண்டது, விரல் தடிமனுக்குப் பல் வைத்த சேற்று டயர். பார்க்கவே கம்பீரம். மெனேஜர் கூடாது என்றார். அந்தப் பல் ரோட்டைக் கிளறிவிடும், கிளறின மண்ணை மழை கொண்டுபோகும், ரோடு போட அவர் யாரிடம் காசு கேட்பார்? பல் தாழ்ந்த சாதாரண டயர்தான் போடலாம் என்றார்.

"மழைக்கு வழுக்குமே சேர்" என்றான் மருமகன்.

"மழைக்கு ஓட்டாதே" என்றார் அவர்.

வண்டி மேல்கணக்குக்கு வந்த முதல் நாள், மடுவத்தில் நிறுக்க நின்ற பெண்கள் அதைச் சுற்றி வந்தார்கள். ஓர் ஆச்சி பின்தட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"இது கொழுந்து தூக்குமா தம்பி?"

"ரெண்டு மூட்ட தூக்கும் ஆச்சி."

"அப்ப இத்தன வருசமா எங்க இருந்துச்சு இது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகன் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர்களிடம் என்ன விலை கேட்பது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதித்தரச் சொல்லி அட்டையோடு நின்றான்.

இப்போது அந்த வண்டி ஓடுவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான். சிவனொளிபாத மலை சீசனும் ஏறக்குறைய அதே மாதங்களில் வருவதால், நல்லதண்ணிக்குப் போகிறவர்களில் சிலர் இந்தப் பக்கமும் திரும்புகிறார்கள். முன்னால் மருமகன் தன் வண்டியில், பின்னால் நுவரெலியாவிலிருந்து வாடகைக்கு எடுத்த இன்னொரு வண்டியில் பயணி. ஒரு வண்டியில் ஒரு ஆள், பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது என்பதில் அவன் கட்டாரில் படித்ததை விடுவதில்லை. இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, முதல் கியரைப் போடச் சொல்லி, பிரேக்கிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறான். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்கிறான் என்று நான் கேட்டதில்லை. மே மாதம் மழை இறங்கியதும் படங்கைப் போட்டு மூடிவிட்டு, தன் அப்பாவின் த்ரீவீலரை எடுத்துக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய்விடுவான். வருமானம் அதில்தான் கூட என்று அவன் அம்மா சொல்கிறாள்.